கறிக்கோழித் தீவனம்

கறிக்கோழித் தீவனம் என்பது இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோழிகளுக்கு, அவற்றின் வயதுக்கும் வளர்ச்சிக்கும் ஏற்ற வகையில் ஆற்றல், புரதம், தாது உப்புக்கள், உயிர்ச்சத்துக்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கலந்து கொடுக்கப்படும் உணவு ஆகும். பேச்சு வழக்கில் பிராய்லர் கோழி எனப்படும் கறிக்கோழி, பொரித்த நாளில் ஏறத்தாழ 40 கிராம் எடை உடையது. 35 முதல் 42 நாட்களுக்குள் அது 2 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையை அடைந்துவிடுகின்றது. இந்த வளர்ச்சிக்குத் தேவையான அனைத்தும் தீவனத்திலிருந்தே கிடைக்க வேண்டும். கொட்டகையில் அடைத்து வளர்க்கப்படும் கோழிக்கு மேய்ச்சல் இல்லை என்பதால், தீவனத்தில் ஒரு சத்து விடுபட்டால் அதை வேறு எங்கும் தேடிப் பெற முடியாது.

கறிக்கோழி வளர்ப்புச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு வரை தீவனத்துக்கே செலவாகின்றது. தீவனத்தின் விலையில் பெரும்பகுதி ஆற்றலைத் தரும் பொருட்களுக்கு உரியது. எனவே தீவனத்தின் ஆற்றலை ஓரளவு குறைத்து, அக்குறையை நொதிகள், அமினோ அமிலங்கள் போன்ற தீவனச் சேர்ப்பிகளைக் கொண்டு ஈடுசெய்யும் முறை பல நாடுகளில் ஆராயப்பட்டும் கையாளப்பட்டும் வருகின்றது.

மூலப்பொருட்கள்

கறிக்கோழித் தீவனத்தின் மூலப்பொருட்களைப் பொதுவாகப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* ஆற்றல் தருபவை: மக்காச்சோளம், கோதுமை, சோளம், கம்பு, அரிசிக் குருணை, தவிடு, தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு.
* புரதம் தருபவை: சோயாப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, சூரியகாந்திப் புண்ணாக்கு, மீன்தூள், இறைச்சி எலும்புத்தூள்.
* தாதுக்கள்: சுண்ணாம்புக்கல் தூள், டைகால்சியம் பாசுபேட்டு, உப்பு, துத்தநாகம், மாங்கனீசு, செலீனியம் முதலிய நுண்தாதுக்கள்.
* தீவனச் சேர்ப்பிகள்: உயிர்ச்சத்துக்கள், தூய அமினோ அமிலங்கள், நொதிகள், நன்னுண்ணுயிரிகள், கரிம அமிலங்கள், நச்சுப் பிணைப்பிகள் போன்றவை. இவை மிகச் சிறிய அளவிலேயே சேர்க்கப்படுகின்றன.

இந்தியாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சேர்ந்த கலவையே அடிப்படைத் தீவனமாக உள்ளது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் மக்காச்சோளத்தின் இடத்தைக் கோதுமை பெறுகின்றது. தீவனம் மாவாகவோ, குருணையாகவோ, அழுத்திச் செய்த குச்சிகளாகவோ கொடுக்கப்படலாம்.

ஆற்றலை அளவிடுதல்

ஒரு பொருளை முழுவதுமாக எரித்தால் வெளிப்படும் வெப்பம் அதன் மொத்த ஆற்றல் எனப்படும். இவ்வாற்றல் முழுவதும் கோழிக்குப் பயன்படுவதில்லை. ஒரு பகுதி செரிக்காமல் எச்சத்துடன் வெளியேறுகின்றது. கோழியில் மலமும் சிறுநீரும் ஒரே வழியாகக் கலந்து வெளியேறுவதால், இரண்டிலும் இழக்கப்படும் ஆற்றலைச் சேர்த்தே அளவிடுவது எளிது. மொத்த ஆற்றலிலிருந்து இந்த இழப்பைக் கழித்தால் கிடைப்பது வளர்சிதைமாற்ற ஆற்றல் ஆகும். கோழித் தீவனக் கணக்குகள் பெரும்பாலும் இவ்வளவையின் அடிப்படையில், ஒரு கிலோகிராம் தீவனத்துக்கு எத்தனை கிலோகலோரி என்று குறிப்பிடப்படுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 1994 ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணைகளின்படி, ஒரு கிலோகிராம் மக்காச்சோளத்தில் 3,350 கிலோகலோரியும், தோல் நீக்கிய சோயாப் புண்ணாக்கில் 2,440 கிலோகலோரியும், கோதுமைத் தவிட்டில் 1,300 கிலோகலோரியும் வளர்சிதைமாற்ற ஆற்றல் உள்ளது. தாவர எண்ணெயில் இது ஏறத்தாழ 8,800 கிலோகலோரி ஆகும். எண்ணெயின் அளவில் சிறு மாற்றம் செய்தாலும் தீவனத்தின் ஆற்றல் பெரிதும் மாறுவதற்கு இதுவே காரணம்.

வளர்ச்சிக் கட்டங்களும் தேவைகளும்

கோழியின் தேவைகள் வயதுக்கு ஏற்ப மாறுகின்றன. குஞ்சுப் பருவத்தில் தசை விரைவாக உருவாவதால் புரதத் தேவை மிகுதி. வயது கூடக்கூடப் புரதத் தேவை குறைந்து, ஆற்றல் தேவை மிகுகின்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட கோழித் தீவனத் தரநிலை, கறிக்கோழிக்கு மூன்று கட்டங்களை வகுத்துள்ளது.

* முன்தொடக்கத் தீவனம்: புரதம் 23%, ஆற்றல் 3,000 கிலோகலோரி
* தொடக்கத் தீவனம்: புரதம் 22%, ஆற்றல் 3,100 கிலோகலோரி
* முடிப்புத் தீவனம்: புரதம் 20%, ஆற்றல் 3,200 கிலோகலோரி

இவற்றில் புரதமும் ஆற்றலும் குறைந்த அளவு வரம்புகளாகவே தரப்பட்டுள்ளன. 1994 ஆம் ஆண்டு அமெரிக்கப் பரிந்துரை எல்லாக் கட்டங்களுக்கும் 3,200 கிலோகலோரி என்ற ஒரே ஆற்றல் அளவை வைத்துக்கொண்டு, புரதத்தை மட்டும் 23, 20, 18 விழுக்காடு எனப் படிப்படியாகக் குறைக்கின்றது.

ஆற்றலும் உண்ணும் அளவும்

கோழி தனக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்கும் வரை உண்ணும் இயல்பு உடையது. ஆற்றல் செறிந்த தீவனத்தைக் குறைவாகவும், ஆற்றல் குறைந்த தீவனத்தைக் கூடுதலாகவும் அது உண்கின்றது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹில், டான்ஸ்கி ஆகியோர் 1954 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கோழி உண்ணும் அளவை முதன்மையாகத் தீர்மானிப்பது தீவனத்தின் ஆற்றலே என்பது அதன் முடிவு ஆகும்.

இன்றைய கறிக்கோழிகள் பல தலைமுறைகளாக விரைந்த வளர்ச்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவை வயிறு கொள்ளும் அளவுக்கு உண்பவை என்றும், ஆற்றலுக்கு ஏற்ப உண்ணும் இயல்பை இழந்துவிட்டன என்றும் கருதப்பட்டது உண்டு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் லீசன் குழுவினர் 1996 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கிலோகிராமுக்கு 2,700 முதல் 3,300 கிலோகலோரி வரையிலான நான்கு தீவனங்கள் ஒப்பிடப்பட்டன. வேண்டிய அளவு உண்ண விடப்பட்ட கோழிகள், ஆற்றல் குறைந்த தீவனத்தைக் கூடுதலாக உண்டு ஏறத்தாழ ஒரே எடையை எட்டின. ஆற்றல் குறையக் குறைய உடலில் சேர்ந்த கொழுப்பும் குறைந்தது.

எனினும் இந்த ஈடுசெய்யும் திறனுக்கு எல்லை உண்டு. செரிமானப் பாதையின் கொள்ளளவு, தீவனத்தின் அடர்த்தி, கொட்டகையின் வெப்பம், ஒரு கோழிக்குக் கிடைக்கும் தீவனத் தட்டின் இடம் ஆகியவை அந்த எல்லையைத் தீர்மானிக்கின்றன. முதல் பத்து நாட்களில் குஞ்சின் குடல் சிறியது. அந்த வயதில் ஆற்றலைக் குறைத்தால் வளர்ச்சி பின்தங்க வாய்ப்பு உண்டு. ஆகவே ஆற்றல் குறைப்பு பெரும்பாலும் பிந்திய கட்டங்களிலேயே செய்யப்படுகின்றது.

குறைந்த ஆற்றல் தீவனம்

ஓர் இனத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவைவிடக் குறைவான வளர்சிதைமாற்ற ஆற்றல் உடைய தீவனம் குறைந்த ஆற்றல் தீவனம் எனப்படுகின்றது. எண்ணெயைக் குறைத்தோ, மக்காச்சோளத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகத் தவிடு போன்ற நார்ச்சத்து மிகுந்த பொருட்களைச் சேர்த்தோ இது ஆக்கப்படுகின்றது.

எடுத்துக்காட்டுக் கணக்கு

100 கிலோகிராம் தீவனத்தில் மக்காச்சோளம் 57 கிலோகிராம், சோயாப் புண்ணாக்கு 36 கிலோகிராம், தாவர எண்ணெய் 3 கிலோகிராம், தாதுக்களும் சேர்ப்பிகளும் 4 கிலோகிராம் உள்ளதாகக் கொள்வோம். மேலே குறிப்பிட்ட ஆற்றல் அளவுகளின்படி இக்கலவையின் ஆற்றல் பின்வருமாறு அமைகின்றது.

* மக்காச்சோளம்: 0.57 × 3,350 = 1,910 கிலோகலோரி
* சோயாப் புண்ணாக்கு: 0.36 × 2,440 = 878 கிலோகலோரி
* எண்ணெய்: 0.03 × 8,800 = 264 கிலோகலோரி
* மொத்தம்: கிலோகிராமுக்கு 3,052 கிலோகலோரி

மக்காச்சோளத்தில் 8.5%, சோயாப் புண்ணாக்கில் 48.5% புரதம் எனக் கொண்டால், இக்கலவையில் 22.3% புரதம் இருக்கும். இப்போது 3 கிலோகிராம் எண்ணெயை நீக்கி, அவ்வளவு கோதுமைத் தவிட்டைச் சேர்த்தால், எண்ணெயின் 264 கிலோகலோரி நீங்கித் தவிட்டின் 39 கிலோகலோரி சேர்கின்றது. புதிய கலவையின் ஆற்றல் 2,827 கிலோகலோரி ஆகும். கலவையில் நூற்றுக்கு 3 பங்கு மட்டும் மாறியிருக்க, ஆற்றல் ஏழு விழுக்காட்டுக்கு மேல் குறைந்துள்ளது.

முதல் கலவையில் 100 கிராம் உண்ட கோழி, அதே ஆற்றலைப் பெற இரண்டாம் கலவையில் 108 கிராம் உண்ண வேண்டும். இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது, புரதத்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். கூடுதலாக உண்ணும் கோழி புரதத்தையும் கூடுதலாக உட்கொள்ளும். தசையாக மாறாத புரதம் சிதைக்கப்பட்டு யூரிக் அமிலமாக வெளியேறும். எனவே ஆற்றலுக்கும் புரதத்துக்கும் இடையிலான விகிதத்தை மாற்றாமல் வைத்திருப்பது வழக்கம். முதல் கலவையில் ஒரு விழுக்காடு புரதத்துக்கு 137 கிலோகலோரி உள்ளது. அதே விகிதத்தில் இரண்டாம் கலவைக்கு 20.6% புரதம் போதுமானது. சோயாப் புண்ணாக்கின் அளவை இதற்கேற்பக் குறைக்கலாம்.

இரண்டாவது, தீவன மாற்று விகிதம் மாறும். ஒரு கிலோகிராம் உயிர் எடை கூடுவதற்குத் தேவைப்படும் தீவனத்தின் அளவே தீவன மாற்று விகிதம் ஆகும். முதல் கலவையில் இது 1.60 ஆக இருந்தால், இரண்டாம் கலவையில் 1.73 ஆக உயரும். இது கோழியின் திறன் குறைந்ததைக் காட்டுவதில்லை. இரண்டு நிலைகளிலும் ஒரு கிலோகிராம் எடைக்குச் செலவான ஆற்றல் ஏறத்தாழ 4,900 கிலோகலோரி தான். ஆற்றல் வேறுபட்ட தீவனங்களை ஒப்பிடும்போது தீவன எடையைவிட, எடை கூடுதலுக்குச் செலவான ஆற்றலே பொருத்தமான அளவுகோல் ஆகும்.

மூன்றாவது, விலையில் எவ்வளவு குறைய வேண்டும் என்பது தெரிகின்றது. முதல் கலவையின் விலை கிலோகிராமுக்கு 40 ரூபாய் எனக் கொண்டால், இரண்டாம் கலவை ஏறத்தாழ 37 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் மட்டுமே ஆதாயம் உண்டு. கூடுதல் தீவனத்தை ஏற்றி இறக்கும் செலவைச் சேர்த்தால் இவ்வரம்பு இன்னும் கீழே செல்லும்.

நன்மைகள்

* எண்ணெய், மக்காச்சோளம் ஆகியவற்றின் விலை உயரும்போது செலவைக் கட்டுப்படுத்தலாம்.
* வயிற்றறைக் கொழுப்பு குறைகின்றது. இக்கொழுப்பு அறுவையின்போது பெரும்பாலும் கழிவாகவே போகின்றது.
* மிக விரைந்த வளர்ச்சியால் ஏற்படும் வயிற்றில் நீர் கோத்தல், திடீர் இறப்பு, கால் ஊனம் ஆகியவை, தொடக்க வாரங்களில் வளர்ச்சியை மிதப்படுத்துவதால் குறையக்கூடும். பிளாவ்னிக், ஹர்விட்சு ஆகியோர் 1985 ஆம் ஆண்டில் இசுரேலில் வெளியிட்ட ஆய்வில், இளம் வயதில் சில நாட்கள் மட்டும் தீவனம் கட்டுப்படுத்தப்பட்ட கோழிகள் பின்னர் எடையை ஈடுசெய்ததும், அவற்றில் கொழுப்பு குறைந்ததும் காணப்பட்டன.

குறைபாடுகள்

* உண்ணும் அளவு கூடுவதால் எச்சமும் கூடுகின்றது. ஆழ்கூளம் ஈரமாகி அம்மோனியா வெளிப்பட்டால் கண், மூச்சுப்பாதை, பாதம் ஆகியவை பாதிக்கப்படும்.
* ஈடுசெய்யும் அளவுக்குக் கோழி உண்ணாவிட்டால், விற்பனை எடையை எட்டக் கூடுதல் நாட்கள் ஆகும்.
* எண்ணெய் முற்றிலும் நீக்கப்பட்டால் லினோலெயிக் அமிலத்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும். மக்காச்சோளம் மிகுந்த தீவனத்தில் இக்குறை பொதுவாக ஏற்படுவதில்லை. கோதுமை, அரிசிக் குருணை ஆகியவை மிகுந்த தீவனத்தில் ஏற்படலாம்.
* எண்ணெய் இல்லாத மாவுத் தீவனத்தில் தூசி மிகுதியாக இருக்கும்.

தீவனச் சேர்ப்பிகள்

அமினோ அமிலங்கள்

கோழிக்குத் தேவைப்படுவது புரதம் என்பதைவிட அதிலுள்ள அமினோ அமிலங்கள் என்பதே பொருத்தம். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு ஆகியவற்றால் ஆன தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனைன் ஆகும். அடுத்து லைசீனும் திரியோனைனும் பற்றாக்குறையாகின்றன. மெத்தியோனைன் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் வேதியியல் முறையில் ஆக்கப்படுகின்றது. லைசீன் நுண்ணுயிர் நொதித்தலால் பெறப்படுகின்றது.

தூய அமினோ அமிலங்களைச் சேர்க்காவிட்டால், குறையும் ஓர் அமினோ அமிலத்துக்காகச் சோயாப் புண்ணாக்கை மிகுதியாகச் சேர்க்க நேரிடும். அப்போது மற்ற அமினோ அமிலங்கள் தேவைக்கு மேல் சென்று வீணாகும். லைசீனை 100 எனக் கொண்டு ஏனையவற்றை அதற்கு விகிதமாகக் குறிக்கும் முறை இலட்சியப் புரதக் கோட்பாடு எனப்படுகின்றது. மொத்தப் புரதத்தைக் குறைத்து, அமினோ அமிலச் சமநிலையைக் காப்பதற்கு இது உதவுகின்றது. எச்சத்தில் வெளியேறும் நைட்ரசனும் இதனால் குறைகின்றது.

நொதிகள்

தாவர விதைகளிலுள்ள பாசுபரசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட்டு என்னும் சேர்மமாக உள்ளது. அதை உடைக்கப் போதிய நொதி கோழியிடம் இல்லை. எனவே தீவனத்தில் பாசுபரசு இருந்தும், டைகால்சியம் பாசுபேட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டியுள்ளது. செரிக்காத பாசுபரசு எச்சத்தின் வழியாக நிலத்திலும் நீர்நிலைகளிலும் சேர்ந்து பாசிப் பெருக்கத்துக்கு வழிவகுக்கின்றது. பைட்டேசு என்னும் நொதி பைட்டேட்டை உடைத்துப் பாசுபரசை விடுவிக்கின்றது. பைட்டேட்டுடன் பிணைந்திருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்றவையும் இதனால் கிடைக்கின்றன. வணிக அளவிலான பைட்டேசு 1991 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் அறிமுகமானது.

கோதுமையில் அராபினோசைலனும், பார்லியில் பீட்டா குளுக்கனும் உள்ளன. இவை குடலில் நீரை உறிஞ்சிப் பசைபோல் ஆகி, மற்றச் சத்துக்கள் செரிப்பதைத் தடுக்கின்றன. எச்சமும் ஒட்டும் தன்மை பெறுகின்றது. சைலனேசு, பீட்டா குளுக்கனேசு ஆகிய நொதிகள் இச்சேர்மங்களைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பசைத்தன்மையைக் குறைக்கின்றன. கோதுமை, பார்லித் தீவனங்களில் இவற்றின் பயன் தெளிவாகத் தெரிகின்றது. மக்காச்சோளத் தீவனத்தில் பசைத்தன்மை குறைவு என்பதால் பயனும் குறைவாகவே இருக்கும்.

குச்சித் தீவனம் நீராவியால் சூடாக்கி அழுத்தப்படுவது. வெப்பத்தைத் தாங்காத நொதிகள் இந்நிலையில் செயலிழந்துவிடும். அத்தகையவற்றை மேற்பூச்சுக் கொடுத்தோ, குச்சிகள் ஆறிய பின்னர் நீர்ம வடிவில் தெளித்தோ சேர்க்கின்றனர்.

கொழுப்புப் பால்மமாக்கிகளும் பிறவும்

முதல் இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சின் பித்த உப்பும் கொழுப்பை உடைக்கும் நொதியும் போதிய அளவில் சுரப்பதில்லை. லெசித்தின், லைசோலெசித்தின் போன்ற பால்மமாக்கிகள் கொழுப்பை நுண்துளிகளாக்கி அது செரிப்பதற்கு உதவுகின்றன. தீவனத்தில் எண்ணெயே இல்லாவிட்டால் இவற்றின் பயன் மிகக் குறைவு.

பீட்டைன் என்னும் சேர்மம் உயிரணுக்களின் நீர்ச்சமநிலையைக் காக்கின்றது. குவானிடினோ அசிட்டிக் அமிலம் தசையின் ஆற்றல் இருப்புக்கு உதவும் கிரியாட்டினின் முன்னோடி ஆகும். தாவர உணவுகளில் கிரியாட்டின் இல்லை என்பதால், முற்றிலும் தாவரப் பொருட்களால் ஆன தீவனத்தில் இது சேர்க்கப்படுவது உண்டு.

நுண்ணுயிர் எதிரிகள்

லெடர்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமஸ் ஜூக்சு, ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் ஆகியோர் 1940களின் இறுதியில், குளோர்டெட்ராசைக்கிளின் ஆக்கத்தில் எஞ்சிய நொதிப்பொருளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, உயிர்ச்சத்து பி12 ஆல் மட்டும் விளக்க முடியாத கூடுதல் வளர்ச்சியைக் கண்டனர். இதைத் தொடர்ந்து மிகச் சிறிய அளவில் நுண்ணுயிர் எதிரிகளைத் தீவனத்தில் நாள்தோறும் சேர்க்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது.

நுண்ணுயிர்களைக் கொல்லப் போதாத சிறிய அளவில் மருந்தைத் தொடர்ந்து கொடுப்பது, அதைத் தாங்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏற்ற சூழலாகும். அந்நுண்ணுயிர்கள் இறைச்சி, எச்சம், நீர், பண்ணைத் தொழிலாளர் வழியாக மனிதரை அடையலாம். பிரித்தானியாவின் ஸ்வான் குழு அறிக்கை 1969 ஆம் ஆண்டிலேயே இது குறித்து எச்சரித்தது. சுவீடன் 1986 ஆம் ஆண்டில் வளர்ச்சியூக்கியாக இவற்றைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 சனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்காவில் மனித மருத்துவத்துக்கு முதன்மையான மருந்துகளை வளர்ச்சிக்காகப் பயன்படுத்துவது 2017 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. வேறு எம்மருந்துக்கும் கட்டுப்படாத தொற்றுக்களுக்கு இறுதியாகக் கொடுக்கப்படும் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்குகளில் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 சூலையில் தடை செய்தது.

மாற்றுச் சேர்ப்பிகள்

நுண்ணுயிர் எதிரிகளுக்கு மாற்றாகப் பின்வருவன பயன்படுகின்றன. இவற்றின் விளைவு பண்ணையின் தூய்மை, நோய் அழுத்தம், தீவனத்தின் தன்மை ஆகியவற்றுக்கு ஏற்ப மாறுபடும்.

* நன்னுண்ணுயிரிகள்: லாக்டோபேசில்லசு, பேசில்லசு, ஈசுட்டு வகைகள். பின்லாந்தில் நூர்மி, ரன்டாலா ஆகியோர் 1973 ஆம் ஆண்டில், வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைப் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா நிலைகொள்வது தடைபடுகின்றது எனக் காட்டினர்.
* நன்னுண்ணுயிர் ஊட்டங்கள்: கோழியால் செரிக்க இயலாத, நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் சர்க்கரைச் சேர்மங்கள்.
* கரிம அமிலங்கள்: பார்மிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள். இவை தீவனத்தில் பூஞ்சையையும் குடலில் தீய நுண்ணுயிர்களையும் கட்டுப்படுத்துகின்றன. பியூட்டிரிக் அமிலம் குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு ஆற்றலும் தருகின்றது.
* மூலிகைச் சாறுகள்: ஓமம், கற்பூரவள்ளி போன்றவற்றில் காணப்படும் தைமால், கார்வக்ரால் ஆகிய எண்ணெய்க் கூறுகளும், மஞ்சள், பூண்டு ஆகியனவும்.

ரத்தக் கழிச்சல் தடுப்பிகளும் நச்சுப் பிணைப்பிகளும்

ஐமீரியா என்னும் ஒற்றை உயிரணு ஒட்டுண்ணியால் ஏற்படும் ரத்தக் கழிச்சல், ஆழ்கூள முறையில் வளரும் கோழிகளைப் பெரிதும் தாக்குகின்றது. 1971 ஆம் ஆண்டில் அறிமுகமான மோனென்சின் முதலிய மருந்துகள் தீவனத்தில் சேர்க்கப்படுகின்றன. தடுப்பூசிகளும் உள்ளன.

ஈரப்பதம் மிகுந்த மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வளரும் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓராண்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததைத் தொடர்ந்தே இந்நஞ்சு கண்டறியப்பட்டது. நஞ்சை ஈர்த்துப் பிடிக்கும் களிமண் தாதுக்களும் ஈசுட்டின் உயிரணுச் சுவரும் பிணைப்பிகளாகச் சேர்க்கப்படுகின்றன. எனினும் தானியத்தை நன்கு உலர்த்திச் சேமிப்பதே முதன்மையான பாதுகாப்பு ஆகும்.

ஆற்றல் குறைப்பையும் சேர்ப்பியையும் இணைத்தல்

நொதி ஒன்றைச் சேர்ப்பதால் ஒரு கிலோகிராம் தீவனத்திலிருந்து கூடுதலாகக் கிடைக்கும் ஆற்றலை, அந்நொதியின் ஆற்றல் ஈட்டு மதிப்பு எனலாம். எடுத்துக்காட்டாக, இம்மதிப்பு 80 கிலோகலோரி எனில், 3,100 கிலோகலோரித் தீவனத்தை 3,020 கிலோகலோரிக்குக் குறைத்து நொதியைச் சேர்க்கலாம். கோழிக்குக் கிடைக்கும் ஆற்றல் மாறாது. எண்ணெயில் மிச்சமாகும் தொகை, நொதியின் விலையைவிட மிகுதியாக இருந்தால் ஆதாயம் கிடைக்கும்.

இம்முறையில் நேரும் பொதுவான தவறு, பல சேர்ப்பிகளின் மதிப்புக்களை அப்படியே கூட்டுவது ஆகும். ஒவ்வொரு நொதியும் தீவனத்தின் செரிக்காத பகுதியிலிருந்தே ஆற்றலை மீட்கின்றது. முதல் நொதி மீட்டதை இரண்டாவது நொதி மீண்டும் மீட்க முடியாது. மூன்று சேர்ப்பிகளின் மதிப்பையும் கூட்டி ஆற்றலைக் குறைத்தால், தாளில் சரியாகத் தோன்றும் தீவனம் கொட்டகையில் பற்றாக்குறையாக முடியும். மூலப்பொருளின் தரம் உயர்வாக இருந்தால், மீட்பதற்கு மிஞ்சும் பகுதியும் குறைவு. ஆகவே ஒரு சேர்ப்பியை மதிப்பிட, வழக்கமான தீவனம், ஆற்றல் குறைத்த தீவனம், ஆற்றல் குறைத்துச் சேர்ப்பி சேர்த்த தீவனம் ஆகிய மூன்றையும் ஒரே காலத்தில் ஒப்பிட வேண்டும். வழக்கமான தீவனத்துடன் சேர்ப்பித் தீவனத்தை மட்டும் ஒப்பிட்டால், எடை ஒன்றாக இருப்பது நொதியாலா, கோழி கூடுதலாக உண்டதாலா எனப் பிரித்தறிய முடியாது.

குறைந்த செலவுக் கலவைக் கணிப்பு

குறிப்பிட்ட சத்து வரம்புகளுக்குள் மிகக் குறைந்த விலைக் கலவையைக் காண்பது நேரியல் திட்டமிடல் எனும் கணித முறைக்கு ஏற்ற சிக்கலாகும். பிரெடரிக் வா 1951 ஆம் ஆண்டில் கறவை மாட்டுத் தீவனத்துக்கு இம்முறையைப் பயன்படுத்தினார். இன்று தீவன ஆலைகள் கணினி மென்பொருட்களைக் கொண்டு இதைச் செய்கின்றன. ஒவ்வொரு மூலப்பொருளின் விலையும் சத்துக்களும் உள்ளீடாகவும், ஆற்றல், அமினோ அமிலம், கால்சியம், நார் ஆகியவற்றின் வரம்புகள் கட்டுப்பாடுகளாகவும் கொடுக்கப்படுகின்றன. ஆற்றல் வரம்பை ஒரு கிலோகலோரி தளர்த்தினால் விலை எவ்வளவு குறையும் என்பதும் விடையுடன் கிடைக்கின்றது. உள்ளிடும் அளவுகள் தவறாக இருந்தால் விடையும் தவறாகவே இருக்கும். எனவே மூலப்பொருட்களை அவ்வப்போது ஆய்வகத்தில் சோதிப்பது இன்றியமையாதது.

வெப்பக் காலத்தில் தீவனம்

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெப்பம் 30 பாகை செல்சியசுக்கு மேல் செல்லும்போது அது வாயைத் திறந்து இரைத்து உடலைக் குளிர்விக்கின்றது. உண்ணும் அளவு குறைகின்றது. ஆற்றல் குறைந்த தீவனத்தைக் கூடுதலாக உண்டு ஈடுசெய்வது இந்நிலையில் இயலாது. மேலும், புரதமும் நாரும் செரிக்கும்போது உடலில் உண்டாகும் வெப்பம், கொழுப்பு செரிக்கும்போது உண்டாவதைவிட மிகுதி. எனவே கோடையில் எண்ணெயை நீக்குவதைவிட, மொத்தப் புரதத்தைக் குறைத்துத் தூய அமினோ அமிலங்களைச் சேர்த்து, எண்ணெயை ஓரளவு வைத்திருப்பதே பொருத்தமாகக் கருதப்படுகின்றது. இரைப்பதால் இரத்தத்தின் கார்பன் டைஆக்சைடு குறைந்து காரத்தன்மை கூடுவதால், சோடியம் பைகார்பனேட்டு, பொட்டாசியம் குளோரைடு, உயிர்ச்சத்து சி ஆகியவையும் தீவனத்திலோ நீரிலோ கொடுக்கப்படுகின்றன. வெப்பம் குறைந்த அதிகாலையிலும் இரவிலும் தீவனமிடுவதும் வழக்கம்.

வளர்ச்சியும் ஊக்கிநீர் பற்றிய கருத்தும்

கறிக்கோழி விரைந்து வளர்வதற்குத் தீவனத்தில் ஊக்கிநீர் சேர்க்கப்படுவதே காரணம் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் ஒரு காலத்தில் கோழிகளின் தோலுக்கடியில் வைக்கப்பட்ட செயற்கை ஊக்கிநீர், 1959 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. வளர்ச்சி ஊக்கிநீர் ஒரு புரதம் என்பதால், தீவனத்தில் சேர்த்தாலும் செரிமானத்தில் சிதைந்துவிடும். விரைந்த வளர்ச்சிக்கு முதன்மைக் காரணம் இனத்தேர்வு ஆகும். கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆம் ஆண்டுகளின் கோழி வழிகளுக்கு ஒரே தீவனத்தைக் கொடுத்து வளர்த்து, 2014 இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. 56 ஆம் நாளில் அவற்றின் எடை முறையே 905, 1,808, 4,202 கிராம் ஆக இருந்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் முட்டைக்கோழி வளர்ப்பு நாமக்கல் பகுதியிலும், கறிக்கோழி வளர்ப்பு பல்லடம், உடுமலைப்பேட்டை, கோயம்புத்தூர் பகுதிகளிலும் செறிந்துள்ளது. 1990களிலிருந்து ஒப்பந்த முறை இப்பகுதிகளில் பரவியது. இம்முறையில் நிறுவனம் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை வழங்குகின்றது. பண்ணையாளர் கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தேங்காய் நார்த்தூள் அல்லது உமி, உழைப்பு ஆகியவற்றைத் தருகின்றார். வளர்ந்த கோழியின் எடைக்கு வளர்ப்புக் கூலி கொடுக்கப்படுகின்றது. கூலியைக் கணக்கிடுவதில் தீவன மாற்று விகிதமும் இறப்பு விழுக்காடும் இடம்பெறுகின்றன.

இங்குத் தீவனத்தின் ஆற்றல் அளவு பண்ணையாளருக்கு நேரடியாகத் தொடர்புடையதாகின்றது. மேற்கண்ட கணக்கின்படி, ஆற்றல் குறைந்த தீவனம் வந்தால் மாற்று விகிதம் 1.60 இலிருந்து 1.73 ஆக உயர்வது இயல்பு. ஒப்பிடும் தரநிலையையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால், பராமரிப்பில் குறை எதுவும் இல்லாமலேயே கூலி குறையும். ஆற்றல் குறைப்பால் வரும் ஆதாயம் ஒருவருக்கும், அதன் சுமை மற்றொருவருக்கும் செல்லாதிருக்க, தீவனப் பையில் குறிக்கப்பட்ட ஆற்றல் அளவைக் கொண்டு விகிதத்தைத் திருத்திக் கணக்கிட வேண்டும்.

மூலப்பொருட்களின் விலை ஏற்ற இறக்கமும் குறைந்த ஆற்றல் தீவனத்தின்மீது கவனத்தைத் திருப்பியுள்ளது. சோயாப் புண்ணாக்கின் விலை மிக உயர்ந்ததால், 2021 ஆகத்து மாதத்தில் இந்திய அரசு 12 லட்சம் டன் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. 2023 ஆம் ஆண்டுக்குப் பின்னர் எத்தனால் ஆக்கத்துக்கு மக்காச்சோளம் பெருமளவில் சென்றதால், தீவனத்துக்கான போட்டி கூடியது. உள்ளூரில் விளையும் கம்பு, சோளம், அரிசிக் குருணை, தவிடு ஆகியவற்றை நொதிகளுடன் சேர்த்துப் பயன்படுத்துவது இந்நெருக்கடியைத் தணிக்கும் வழிகளுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

* கோழி வளர்ப்பு
* மக்காச்சோளம்
* சோயா அவரை
* நொதி
* அமினோ அமிலம்
* நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்
* நேரியல் திட்டமிடல்